நாய்த் தின்பண்டங்களின் அடிப்பொருள்: போசணை நோக்கும் சமூக நோக்கும்

வளர்ப்பு நாய்க்கு அதன் நாளாந்த உணவுக்குப் புறம்பாகப் பரிசாகவோ, பழக்குதற் பொருட்டோ வழங்கப்படும் சிறு துண்டங்களையே இக்கட்டுரையில் தின்பண்டம் என்கின்றோம். கடைகளில் விற்கப்படும் இத்தகைய பண்டங்களின் உறைகளிற் பெரும்பாலும் இறைச்சியின் படமே காணப்படும். உள்ளிருக்கும் விசுக்கோத்திலோ பாதிக்கு மேற்பட்ட பங்கு ஏதேனும் ஒரு மாவாகவோ கிழங்கின் பசையாகவோ இருக்கும். பெயர் இறைச்சிக்கு, இடம் மாவுக்கு. அவ்வாறு பெரும்பங்கை நிரப்பும் பொருளே அடிப்பொருள் ஆகும். அதனைத் தெரிவு செய்பவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு தெரிவு செய்கின்றார், எந்த அளவுகோலைக் கொண்டு தெரிவு செய்தல் வேண்டும் என்பனவே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினாக்கள்.

குழந்தைகளின் போசணைக் குறைபாடே தீராத ஒரு நாட்டில் நாயின் தின்பண்டத்தைப் பற்றி ஆராய்வது தகுமோ என வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நாய்க்குச் செல்லும் தானியமும் வறியவனுக்குச் செல்லும் தானியமும் பலவேளைகளில் ஒரே மூடையிலிருந்து வருவன. மூடையில் நேர்ந்த கேடு எவ்விடத்தில் முதலில் வெளிப்படுகின்றது என்பதை நோக்கும்போது இவ்விடயம் வீட்டு முற்றத்தோடு நின்றுவிடுவதன்று என்பது புலனாகும்.

அடிப்பொருளாகக் கோதுமை நிலைபெற்ற வரலாற்றை முதலில் நோக்குவோம். 1850களின் பிற்பகுதியில் யேம்சு இசுப்பிராற்று என்னும் அமெரிக்க வணிகர் இலண்டனுக்குச் சென்றார். துறைமுகத்தில் மாலுமிகள் வீசியெறிந்த கடினமான கப்பல் விசுக்கோத்தை நாய்கள் விரும்பித் தின்றதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்லப்படுகின்றது. கதை எவ்வாறாயினும், 1860ஆம் ஆண்டளவில் கோதுமை மா, பீற்றூற்று முதலிய மரக்கறி, உலர்ந்த மாட்டிறைச்சிப் பகுதி ஆகியவற்றைச் சேர்த்து அவர் செய்த நாய் விசுக்கோத்து இங்கிலாந்தின் வேட்டைப் பிரபுக்களிடையே விலைபோகத் தொடங்கியது. அக்கம்பனியிற் பணிபுரிந்து விற்பனையின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டவரே 1891இல் தம் பெயரால் நாய்க் கண்காட்சியைத் தொடக்கிய சார்ள்சு குறவ்து என்பவர். 1908இல் நியூயோர்க்கில் எலும்பின் வடிவில் வார்க்கப்பட்ட விசுக்கோத்து வெளிவந்தது. கொல்களத்திற் கழிக்கப்பட்டவையும் பாலும் அதிற் சேர்ந்தன. 1931இல் அதனைப் பெரியதொரு விசுக்கோத்துக் கம்பனி வாங்கிக்கொண்டது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. கோதுமை மாவிற் குளூட்டன் என்னும் ஒட்டுந்தன்மையுள்ள புரதம் உண்டு. அதனால் மா நன்கு பிசையப்படும், அச்சில் வார்க்கப்படும், சுட்டபின் உடையாது, நெடுநாள் கெடாது. ஆலைகளிற் பிற்பட்ட தர மா மலிவாகவும் கிடைத்தது. இவை அனைத்தும் உற்பத்தியாளனுக்குரிய வசதிகள். நாயின் குடல் இவ்வளவுகோல்களில் எதனிலும் இடம்பெறவில்லை. கோதுமை நாய்க்குத் தீங்கானது என்று நாம் இதனாற் கூறவில்லை. அது நல்லதாக அமைந்திருப்பின் அது தற்செயலே என்றுதான் கூறுகின்றோம்.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததே ‘நாய் என்பது ஓநாய், ஓநாய் தானியம் உண்பதில்லை, ஆகவே நாய்க்கும் தானியம் ஆகாது’ என்னும் வாதம். கேட்பதற்குத் தருக்கமுடையது போலத் தோன்றும் இவ்வாதத்தின் முதற்படியே தளர்ந்தது. 2013இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் அக்செல்சனும் அவர்தம் குழுவினரும் நாயினதும் ஓநாயினதும் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்புநோக்கி வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. மாப்பொருளைப் பிரிக்கும் அமிலேசு என்னும் நொதியத்தைச் சதையியிற் சுரப்பிக்கும் பரம்பரையலகு ஓநாயில் 2 பிரதிகளாகவே இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரையான பிரதிகளாகப் பெருகியுள்ளது. தென்கிழக்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நாயெச்சங்களிலும் இப்பெருக்கம் பின்னர் அறியப்பட்டது. உழவுத் தொழிலோடு தொடர்பற்று வாழ்ந்த அவுசுத்திரேலியாவின் டிங்கோ நாய்களிலோ ஓநாய்க்குரிய 2 பிரதிகளே காணப்படுகின்றன. உழவனின் வாசலில் எச்சிற்சோறு தின்று வாழ்ந்த நாய், உழவனின் உணவுக்கேற்பத் தன் உடலையும் மாற்றிக்கொண்டது எனலாம். உற்பத்தி முறையின் மாற்றம் மனிதனை மட்டுமன்றி அவனை அண்டி வாழ்ந்த விலங்கின் சமிபாட்டையும் மாற்றியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

எனினும் இங்கு ஓர் எல்லையும் உண்டு. நாயின் உமிழ்நீரில் மாப்பொருளைப் பிரிக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். எல்லா வேலையும் சிறுகுடலிலேயே நடைபெறுதல் வேண்டும். பச்சை மாவின் மணிகளை நொதியம் எளிதில் ஊடுருவாது. நீருடன் சேர்த்து வெப்பமூட்டும்போது, ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியசில், மாமணிகள் நீரை உறிஞ்சி வீங்கி வெடித்துக் கூழாகின்றன. அதன் பின்னரே அவை நாய்க்கு உணவாகின்றன. ஆகவே எந்த மா என்பதற்கு முன்னர், வெந்த மாவா என்பதே வினா.

தானியம் நீக்கிய பண்டங்கள் என்ற பெயரில் கடந்த சில தசாப்தங்களில் மேலைநாட்டுச் சந்தையில் விற்கப்பட்டவற்றின் கதை தனியே கூறத்தக்கது. தானியத்தை நீக்கியபோது மாப்பொருள் நீங்கிவிடவில்லை. பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் அதனிடத்தைப் பிடித்துக்கொண்டன. விலை மட்டும் உயர்ந்தது. 2018 யூலையில் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், இத்தகைய உணவை நாளாந்த உணவாகத் தின்ற நாய்களில் இதயத்தசை விரிவு நோய் தோன்றுவது குறித்து ஆராய்வதாக அறிவித்தது. 2019இல் அது வெளியிட்ட விவரங்களின்படி அறிவிக்கப்பட்ட உணவுகளிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை தானியம் நீக்கியவை. அதே அளவினவற்றில் பட்டாணியோ பருப்போ சேர்ந்திருந்தது. தோரின் என்னும் பொருளின் குறைபாடு காரணமாகலாம் என முதலிற் கருதப்பட்டது. ஆனால் நோயுற்ற நாய்கள் பலவற்றில் அதன் அளவு இயல்பாகவே இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தபோதும் காரண காரியத் தொடர்பை நிறுவப் போதிய தரவு இல்லை என்ற நிலையில், 2022 டிசெம்பரில் அந்நிருவாகம் இது பற்றிய காலாந்தர அறிவிப்புகளை நிறுத்திக்கொண்டது.

இதிலிருந்து பருப்பு நஞ்சென்று முடிவுகட்டுவது தவறு. ஒரு பொருளை நீக்குவதையே நலமென்று விளம்பரப்படுத்தி, நீக்கிய இடத்தை எதனால் நிரப்புகின்றோம் என்பதைச் சோதியாது விட்டதே தவறு. ஒவ்வாமையைக் காட்டித் தானியத்தை விலக்குவோருக்கும் இஃது பொருந்தும். உணவு ஒவ்வாமையுள்ள 297 நாய்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வொன்றில் மாட்டிறைச்சிக்கு ஒவ்வாமை கொண்டவை 34 சதவீதம், பாற்பொருளுக்கு 17 சதவீதம், கோழியிறைச்சிக்கு 15 சதவீதம், கோதுமைக்கு 13 சதவீதம். இறைச்சியே முதலிடம் பெறுகின்றது. ஐரிசு செற்றர் என்னும் சாதியிற் பரம்பரையாக வரும் குளூட்டன் ஒவ்வாமை போன்றவை உண்மையே. அவை விதிவிலக்குகள்.

இனி, அடிப்பொருளின் தெரிவில் நாம் முதன்மை கொடுக்க விரும்பும் விடயத்துக்கு வருகின்றோம். அது புரத வீதமன்று, நார்ப்பொருளுமன்று. தானியத்தின் தூய்மை.

அசுப்பெர்சில்லசு பிளேவசு என்னும் பூஞ்சணம் ஈரப்பதனுள்ள மக்காச்சோளம், கச்சான், கொப்பரை, அவற்றின் புண்ணாக்கு ஆகியவற்றில் வளர்ந்து அஃப்ளாரொக்சின் என்னும் நச்சை உண்டாக்குகின்றது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டபோது, பிறேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கை ஆராய்ந்தே இந்நச்சைக் கண்டுபிடித்தனர். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1950களின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நாய்கள் காரணம் தெரியாத ஈரல் நோயால் இறந்துகொண்டிருந்தன. அதுவும் இந்நச்சின் விளைவே என்பது பின்னரே உணரப்பட்டது. நாயின் ஈரல் இந்நச்சுக்கு மிக எளிதில் இலக்காவது. உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவே அதனைக் கொல்லப் போதுமானது. சமையல் வெப்பம் இதனை அழிப்பதில்லை என்பதே பெருங்கேடு. பூஞ்சணம் செத்துவிடும், நஞ்சு எஞ்சிவிடும்.

1974இல் இந்தியாவின் குசராத்து, இராசசுத்தான் எல்லைப்புறக் கிராமங்களில் மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமுமாக ஒரு நோய் பரவியது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 400 பேர். அவர்களில் 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் மக்காச்சோளத்தையே அன்றாட உணவாகக் கொண்ட வறிய பழங்குடியினர். அறுவடைக்கு முன்னர் பருவந்தவறிப் பெய்த மழையில் நனைந்து, முறையான களஞ்சியமின்றி வைக்கப்பட்ட கதிர்களிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வேறு உணவு வாங்க வழியற்றோர் அதனையே உண்டனர். அவர்களோடு அவ்வுணவைப் பகிர்ந்த நாய்களும் அதே நோயால் மாண்டன. அதே மாவட்டங்களில் நல்ல தானியம் வாங்கக்கூடியவர்களை இந்நோய் தீண்டவில்லை. நோய்க்குக் காரணம் பூஞ்சணம் என்று நுண்ணுயிரியலாளர் கூறுவர். பூஞ்சணம் படர்ந்ததை உண்ண நேர்ந்தது ஏன் என்பது நுண்ணுயிரியலின் எல்லைக்கு அப்பாற்பட்ட வினா.

இது கடந்தகாலச் செய்தி மாத்திரமன்று. 2020 டிசெம்பரின் முடிவில் ஐக்கிய அமெரிக்காவில் மக்காச்சோளம் சேர்ந்த நாயுணவில் மிகையான அஃப்ளாரொக்சின் கண்டறியப்பட்டு, 110க்கு மேற்பட்ட நாய்கள் இறந்தமை அடுத்த மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அந்நாட்டில் விதிக்கப்பட்ட உச்ச அளவு நூறு கோடியில் 20 பங்கு என்பதாகும். விதி இருந்தது. சோதனை தவறியது.

பூஞ்சணம் இயற்கையின் கேடு என்றால், 2007ஆம் ஆண்டின் நிகழ்வு முழுக்க முழுக்க வணிகத்தின் கேடு. அவ்வாண்டு மார்ச்சு மாதம் தொடக்கம் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. சீனாவிலிருந்து கோதுமைக் குளூட்டன் என்ற பெயரில் இறக்குமதியான அடிப்பொருள் உண்மையில் வெறும் கோதுமை மா என்பதும், அதில் மெலமின் என்னும் தொழிற்சாலை இரசாயனம் கலக்கப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன. புரதத்தின் அளவைக் காண வழக்கமாகக் கையாளப்படும் கெல்டால் முறை நைதரசனையே அளக்கின்றது. மெலமினின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். ஆகவே மலிவான மா விலையுயர்ந்த புரதமாகச் சோதனைச்சாலையில் தோற்றம் கொண்டது. அடுத்த ஆண்டு, 2008இல், அதே இரசாயனம் அதே நோக்கத்துடன் சீனாவிற் குழந்தைகளின் பால்மாவிற் கலக்கப்பட்டமை வெளிப்பட்டது. ஏறத்தாழ 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர். நாய்களின் மரணத்தை முன்னெச்சரிக்கையாகக் கொள்ள ஓராண்டு அவகாசம் இருந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

ஆகவே வீட்டில் தின்பண்டம் செய்ய முற்படுவோர்க்கு எமது முதல் விதி இது: மனிதர் உண்ணும் தரத்தில், முழுத் தானியமாக வாங்கி, கண்ணாற் கண்டு, கழுவி உலர்த்தி, அரைத்த மாவே அடிப்பொருளாகத் தக்கது. ‘நாய்க்குத்தானே’ என்று கடைக்காரர் ஒதுக்கித்தரும் உடைவையும் வண்டு விழுந்ததையும் ஏற்றல் கூடாது. புண்ணாக்கை முற்றாக விலக்குதல் நன்று. மக்காச்சோளத்தையும் கச்சானையும் ஐயமற்ற புதியன கிடைத்தாலன்றித் தொடவேண்டியதில்லை.

எஞ்சியவற்றுள் எம் நாட்டுச் சமையலறையில் உள்ளவற்றை நோக்குவோம். அரிசி மா எளிதிற் சமிபாடடைவது. குடல் நலிந்த நாய்க்கும் ஏற்றது. ஆயினும் அதன் புரதம் 7 சதவீதமளவே, கனியுப்புகளும் குறைவு. தீட்டாத அரிசி சற்று மேலானது. தவிட்டைச் சேர்க்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். பச்சையரிசித் தவிட்டில் உள்ள கொழுப்பைப் பிரிக்கும் நொதியம் ஆலையிலிருந்து வெளிவந்த சில நாள்களிலேயே அதனைக் காறச் செய்துவிடும். புழுக்கும்போது அந்நொதியம் அழிவதால் புழுங்கலரிசித் தவிடு அவ்வளவு விரைவிற் கெடுவதில்லை.

குரக்கன் பற்றி அதிகம் புகழப்படுகின்றது. 100 கிராம் வெள்ளையரிசியில் 10 மில்லிகிராமளவே கல்சியம் இருக்க, அதே அளவு குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு என்பது உண்மையே. ஆனால் குரக்கனில் உள்ள பைற்றேற்று என்னும் பொருள் கல்சியத்தையும் நாகத்தையும் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது தடுக்கும். நாகக் குறைவு நாயின் தோலிற் செதில்களாகவும் மயிருதிர்வாகவும் வெளிப்படும். குரக்கனை ஓர் இரவு ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்தால் பைற்றேற்றின் ஒரு பகுதி சிதைகின்றது. குழந்தைகளின் கூழுக்காக எம் மூதாட்டியர் செய்தது இதுவே. அவ்வாறு செய்த குரக்கனை அரிசியோடு கலந்து பயன்படுத்தலாம். தனிக் குரக்கனை நாம் விதந்துரைக்கவில்லை.

பயறும் கடலையும் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட புரதமுடையவை. தானியப் புரதத்திற் குறைவாயுள்ள இலைசீன் என்னும் அமினோவமிலம் அவரையினத்தில் நிறைந்துள்ளது. அவரையினத்திற் குறைவாயுள்ள மெதியோனீன் தானியத்தில் உண்டு. அரிசியும் பயறும் கலந்த பொங்கலை ஆக்கியவர்கள் அமினோவமிலம் என்ற சொல்லை அறியார். ஆயினும் கலவை சரியானது. இரண்டு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த பயற்றம் மா, அதனைப் பிணைக்க ஒரு முட்டை என்பது எம் கருத்திற் சிறந்த அடிப்பொருள். பச்சைப் பருப்பிற் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் உண்டாகையால் வறுத்தலும் வேகவைத்தலும் இன்றியமையாதன. இதய நோய் பற்றி மேலே கூறியதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அங்குப் பருப்பு நாளாந்த உணவின் பெரும்பகுதியாக அமைந்திருந்தது. இங்கு அது சிற்றுண்டியின் சிறு பங்கு.

கிழங்குகளில் வற்றாளை நன்று. செம்மஞ்சட் சதையுள்ள வகையில் உள்ள கரோற்றீனை நாய் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அவ்வாற்றல் இல்லை. பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆகையால் 100 கிராமுக்கு 26 கிலோகலோரியே கிடைக்கும். பருத்த நாய்க்கு உகந்தது. மரவள்ளியை விட்டுவிடலாம். புரதம் 2 சதவீதத்துக்கும் குறைவு, கசப்பு வகையில் ஐதரோசயனிக்கமிலம் உண்டாகும். அத்துணை இடரை மேற்கொள்ளுமளவுக்கு அதிற் பயனில்லை.

ஈரலை அடிப்பொருளாகக் கொள்வோர் உளர். நாய் அதனை விரும்பும் என்பது மெய். 100 கிராம் மாட்டீரலில் ஏறத்தாழ 5000 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ இருக்கின்றது. அது உடலிற் சேர்ந்து நாளடைவில் எலும்பைக் கெடுக்கும். மணத்துக்காகச் சிறிதளவு சேர்த்தல் போதும். தனி இறைச்சியில் பொசுபரசு மிக்கும் கல்சியம் மிகக் குறைந்தும் இருப்பதால் அதுவும் தனித்து நிற்கத் தக்கதன்று. நெத்தலி போன்ற சிறுமீனை முள்ளோடு அவித்து அரைத்துச் சேர்த்தால் கல்சியமும் கிடைக்கும். கருவாடாயின் உப்பை நீக்க நெடுநேரம் நீரில் ஊறவைத்து நீரை மாற்றுதல் வேண்டும்.

அடிப்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் அளவு மீறலாகாது. நாளாந்தச் சக்தியிற் பத்திலொரு பங்குக்கு மேல் தின்பண்டத்தால் வருதல் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. 10 கிலோகிராம் நிறையுள்ள, அதிகம் ஓடாத நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 530 கிலோகலோரி போதும். பத்திலொரு பங்கு 53. அஃதாவது 15 கிராம் மா. சிறு விசுக்கோத்து இரண்டு அல்லது மூன்று. அதில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்ந்துவிட்டால் 40 கிலோகலோரி அதிலேயே போய்விடும். எண்ணெயும் சீனியும் உப்பும் இன்றியே செய்யலாம்; நாய் குறை கூறாது.

எதனோடும் சேர்க்கலாகாதவை: வெங்காயம், உள்ளி, சொக்கலேற்று, முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும், சைலிற்றோல் என்னும் இனிப்புச் சேர்ந்த எதுவும். முதலிரண்டும் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பன. எஞ்சிய கறியில் மாவைப் பிசையும் வழக்கம் இதனால் ஆபத்தானது.

அரிசி மாவிற் குளூட்டன் இன்மையால் அது கோதுமை போல ஒட்டாது. இடியப்பத்துக்குச் செய்வதுபோலக் கொதிநீர் விட்டுக் குழைத்து, தட்டையாகத் தட்டி, நீராவியில் அவித்து, துண்டங்களாக வெட்டியபின் மெல்லிய நெருப்பிற் கடினமாகும்வரை உலர்த்துதல் வேண்டும். உடைத்தால் நடுவில் மென்மை தென்படக்கூடாது. மாரிகாலத்தில் வெயிலை நம்பி உலர்த்துவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும். நன்கு ஆறியபின் காற்றுப்புகாத போத்தலில் இட்டு ஒரு வாரத்துக்குள் முடித்துவிடல் நன்று. ஒரு துண்டிற் பச்சையோ கருமையோ கண்டால் அத்துண்டை மட்டும் நீக்குதல் போதாது, முழுவதையும் விலக்குதல் வேண்டும். விலக்கியதைத் தெருநாய்க்கு எறிவதும் கறவை மாட்டின் தொட்டியிற் கொட்டுவதும் எம்மிடையே காணப்படும் வழக்கங்கள். மாடு தின்ற அஃப்ளாரொக்சினின் ஒரு பகுதி மாற்றமடைந்து பாலில் வெளிவரும். அப்பாலைக் குடிப்பது அயல்வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். குழி தோண்டிப் புதைப்பதே முறை.